தொன்மமா? பொய்யா?

ஒரு நாள் வகுப்பில் ‘மித்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதுமாறு ஆசிரியை பணித்தார். எங்களுள் பலர் சற்றும் தயங்காமல் ‘கட்டுக்கதை’ என்று எழுதினோம். “அப்படியானால் எங்கள் பாட்டி சொல்லும் குலதெய்வக் கதையெல்லாம் பொய்யா?” என்று தோழி ஒருத்தி கேட்டாள். எங்களிடம் விடை இல்லை. அவள் முகம் வாடியதைக் கண்ட பின்னரே அச்சொல்லை ஆராயத் தொடங்கினோம்.

‘மித்தோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஹோமரின் காவியங்களில் அதற்குச் சொல், பேச்சு என்பதே பொருள். காலப்போக்கில் தெய்வங்களையும் வீரர்களையும் பற்றிய பழங்கதைகளுக்கு அது பெயராயிற்று. இப்பொருளில் தமிழில் ‘தொன்மம்’ என்கிறோம். தொல்காப்பியம் கூறும் எண்வகை வனப்புகளுள் பழங்கதையைச் சார்ந்த ‘தொன்மை’யும் ஒன்று என்பது நாம் மகிழத்தக்கது.

இன்று அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. பலரும் நம்பும், ஆனால் உண்மையல்லாத செய்தியையும் ஆங்கிலத்தில் ‘மித்’ என்றே கூறுவர். சந்திரனிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பது அத்தகையது. 2003ஆம் ஆண்டு, சந்திரனைவிட மிக அருகில் பூமியைச் சுற்றி வந்த சீன விண்வெளி வீரர் யாங் லிவெய், அச்சுவரைத் தாம் காணவில்லை என்றார். இதனைத் தொன்மம் எனலாகாது. தவறான நம்பிக்கை என்பதே பொருந்தும்.

கிரேக்கரின் தொன்மம் ஒன்றைப் பார்ப்போம். பயிர்களின் தெய்வமாகிய டிமீட்டரின் மகள் பெர்செபோனியைப் பாதாள அரசன் கவர்ந்து சென்றான். தாயின் துயரால் நிலம் விளையாது போயிற்று. ஆண்டுதோறும் மகள் தாயிடம் திரும்பி வரும்போது பூமி மீண்டும் தளிர்ப்பதாகக் கதை. பருவங்கள் மாறுவதற்குக் காரணம் பூமியின் அச்சு ஏறக்குறைய 23.5 பாகை சாய்ந்திருப்பதே என்று நாம் படிக்கிறோம். ஆயினும் மகளைப் பிரிந்த தாயின் துயரம் பொய்யாகிவிடுமா?

ஆகவே, சோதிக்கக்கூடிய செய்தியாயின் சோதித்துப் பார்ப்போம். தவறாயின் தவறு என்று சொல்ல அஞ்ச வேண்டியதில்லை. தொன்மமாயின், அது என்ன சொல்ல வருகிறது என்று கேட்போம். ஒருவர் போற்றும் கதையை ஒரே சொல்லால் தள்ளிவிடுவது அறிவாகாது.

அன்று எழுதிய ‘கட்டுக்கதை’யை அடித்துவிட்டுத் ‘தொன்மம்’ என்று திருத்தினோம். தோழியின் பாட்டி சொன்ன கதையையும் அவளிடம் கேட்டு மகிழ்ந்தோம்.