டாக்சிக்குள் ஒரு பந்தய எஞ்சின்

மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஓடிய பிரீமியர் பத்மினியின் எஞ்சினும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கலைப்பொருளாகவே சேர்த்து வைத்திருக்கும் சிசிட்டாலியா 202 ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 68 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75 மில்லிமீட்டர். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1,089 சிசி.

1937-ல் ஃபியட் தன் 1100 குடும்பக் காருக்காகச் செய்த எஞ்சின் அது. என்ஸோ ஃபெராரி ஆல்ஃபா ரோமியோவை விட்டு விலகி, ஒப்பந்தப்படி தன் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ள முடியாத நிலையில் 1940-ல் கட்டிய முதல் கார், 815. அதன் எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு இந்த ஃபியட்டின் சிலிண்டர் ஹெட்டுகள் இரண்டை வரிசையாக வைத்துத்தான் வேலையை ஆரம்பித்தார்கள். 1947 மில்லே மில்யா பந்தயத்தில் பந்தய ஓட்டுநர் நுவோலாரி இரண்டாவதாக வந்ததும் இதே 1,089 சிசி எஞ்சின் பூட்டிய சிசிட்டாலியாவில்தான்.

மும்பை குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை 1954 முதல் ஃபியட் 1100-ஐத் தயாரித்தது. 1974-ல் அதற்குப் பத்மினி என்ற பெயர் வந்தது. தாதரில் ரயிலை விட்டு இறங்கி, கேரியரில் பெட்டியைக் கட்டி மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் போன தமிழ்க் குடும்பங்களுக்கு அதன் உறுமல் மனப்பாடம். சென்னையை அடுத்த சோழவரம் விமானத்தளப் பந்தயங்களிலும் இந்த ஃபியட்டுகள் ஓடின. கடைசியாக 2003 அக்டோபரில் பதிவான பத்மினி டாக்சி, 20 வயது வரம்பை எட்டி, 2023 அக்டோபர் 30 முதல் தெருவை விட்டு விலகியது.

அளவு ஒன்றுதான். ஆனால் 1937-ன் குடும்பக் காரில் 32 குதிரைத்திறன், பத்மினியில் சுமார் 40, சிசிட்டாலியாவில் சுமார் 55. பழைய ஃபியட்டை ஷெட்டில் விட்டு "பிக்கப் போதவில்லை" என்று சொல்கிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இந்தக் கூடுதல் பலம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான்.

காற்றிலிருந்து வந்தது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 272 மில்லிலிட்டர். அதில் அடங்கும் காற்று ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான். அதோடு சேர்ந்து எரியக்கூடிய பெட்ரோல் 20 மில்லிகிராம் சொச்சம். அந்தக் காற்றும் முழுதாக உள்ளே வந்து சேராது. எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க எடுக்கும் நேரம், ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கிட்டால் ஏழரைப் பங்கு. அதற்குள் காற்று ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், மேனிஃபோல்டு எல்லாம் தாண்டி, வால்வின் ஓரத்து இடுக்கில் நுழைந்து சிலிண்டரை நிரப்ப வேண்டும். அதன் வழியில் இருக்கும் ஒவ்வொரு மேடும் பள்ளமும் பலத்தைக் குறைக்கும்.

சிலிண்டரைக் குடைந்து ரீபோர் செய்தால் பவர் ஏறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 68 மில்லிமீட்டரை 69 ஆக்கினால் 1,122 சிசி. கூடியது மூன்று சதவீதம். தேய்ந்த சிலிண்டரில் கசிந்துபோன அழுத்தம் திரும்பக் கிடைக்கும், ஆயில் புகை நிற்கும்; அதற்காக ரீபோர் செய்யத்தான் வேண்டும். கூடுதல் பலத்துக்கு அது மட்டும் போதாது. இத்தாலியிலேயே 1962-ல் 1100டி மாடலுக்கு 72 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டம் வைத்து 1,221 சிசி ஆக்கினார்கள். அந்த ஆசையில் நம் பிளாக்கைக் குடைவதற்கு முன், சுவரில் எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது என்று அளந்தே ஆக வேண்டும்.

உண்மையான வேலை ஹெட்டில் இருக்கிறது. இரும்பு பிளாக்கின் மேல் உட்காரும் அலுமினிய ஹெட் இது. கழற்றிக் கவிழ்த்து, காற்று நுழையும் போர்ட்டுக்குள் விரலை விட்டுத் தடவினால், வார்ப்பில் விட்டுப்போன விளிம்பு வால்வு சீட்டுக்குச் சற்று மேலே நெருடும். காற்று திரும்பும் இடம் அதுதான். அந்த விளிம்பைத் தேய்த்து எடுத்து, போர்ட்டின் வாயையும் மேனிஃபோல்டின் வாயையும் நேர்படுத்துவது நிதானமாகச் செய்ய வேண்டிய கைவேலை. அடுத்தது வால்வு கிரைண்டிங். வால்வில் பேஸ்ட் தடவி, ரப்பர் கப் மாட்டிய குச்சியை இரு உள்ளங்கைக்கும் நடுவே மத்துக் கடைவதுபோல் முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். கழுவிப் பார்த்தால் சீட்டில் சாம்பல் நிற வளையம் எங்கும் அறுபடாமல் தெரிய வேண்டும். பிறகு ஹெட்டின் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றிவைத்தால் போர்ட் பக்கம் ஒரு சொட்டும் கசியக் கூடாது. பொறுமையும் நல்ல கையும் இருந்தால் சாதாரண லேத் பட்டறையிலேயே முடியும் வேலை இது. காசுக்கு அதிகப் பலன் தருவதும் இதுதான் என்பது என் தீர்மானம்.

அடுத்தது அழுத்தம். கணக்கின்படி 7-க்கு 1 என்ற அழுத்த விகிதத்தில் எரிபொருளின் வெப்பத்தில் 54 சதவீதம் வேலையாக மாறலாம். 9-க்கு 1 என்றால் 58. நிஜ எஞ்சினில் இரண்டுமே மிகக் குறைவு, ஆனாலும் இரண்டுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதற்கு, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் மேலே மிஞ்சும் குழி 45 மில்லிலிட்டரிலிருந்து 34 ஆகச் சுருங்க வேண்டும். ஹெட்டை ஒரு மில்லிமீட்டர் சீவினால் மூன்றரை மில்லிலிட்டர்தான் குறையும். ஆகவே 9-க்கு ஆசைப்பட்டு ஹெட்டைப் பலி கொடுக்காமல் 8-ல் நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இன்றைய பெட்ரோல் இதற்குத் தோள் கொடுக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் 95. அழுத்தம் கூடினாலும் எளிதில் நாக்கிங் வராது. ஆனால் எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும் டயஃப்ரத்தையும் கெடுக்கும், அவற்றை மாற்றிவிடுங்கள். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையும் மெலிந்துவிடும். கார்புரேட்டர் ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்காவிட்டால் எஞ்சின் சூடேறும்.

கிராங்க் பக்கம் வந்தால்தான் இந்த இயந்திரம் தாங்கும் சுமை விளங்கும். 5,000 சுற்றில் பிஸ்டன் உச்சியில் திரும்பும் கணத்தில், புவியீர்ப்பைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலான முடுக்கத்தைச் சந்திக்கிறது. ஒரு பிஸ்டன் மற்றதைவிட ஒரு கிராம் கனமாக இருந்தால், அந்த ஒரு கிராம் ஒரு கிலோவுக்கும் மேலான விசையோடு ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும். 6,000 சுற்றில் அது இன்னும் 44 சதவீதம் கூடும். நான்கு சிலிண்டருக்கு மூன்றே மெயின் பேரிங் உள்ள கிராங்க் இது. அதனால் பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் தராசில் வைத்து எடையைச் சமமாக்கிவிட்டுப் பூட்டச் சொல்லுங்கள்.

பந்தய கேம் ஷாஃப்ட் மட்டும் வேண்டாம். வால்வை அதிக நேரம் திறந்துவைக்கும் கேம், பலத்தை மேல் சுற்றுக்குத் தள்ளிவிட்டுக் கீழ்ச் சுற்றில் இழுவையைக் குறைக்கும். சயான் சிக்னலில் நின்று நின்று கிங்ஸ் சர்க்கிளுக்குப் போகும் வண்டிக்கு வேண்டியது கீழ்ச் சுற்று இழுவைதான். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள கார் என்பதையும் மறக்க வேண்டாம். எஞ்சினுக்கு முன் பிரேக் வேலையை முடியுங்கள்.

இன்னொன்று. 2021-ல் திருத்திய மோட்டார் வாகன விதிப்படி, 50 வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் அசல் நிலையில் இருக்கும் வண்டிதான் விண்டேஜ் பதிவு பெறும். 1974-ன் பத்மினிகள் இப்போது அந்த வயதைக் கடந்துவிட்டன. விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியைத் தினமும் ஓட்டவும் முடியாது. ஆகவே விண்டேஜ் பதிவா, பலம் கூட்டித் தினமும் ஓட்டும் வண்டியா, எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எதைக் கழற்றினாலும், அந்த ஹெட்டையும் கார்புரேட்டரையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தாராவியில் அலுமினியத்தை உருக்கும் உலைக்குப் போனால் அந்த ஹெட் ஒரே நாளில் கட்டியாகிவிடும். எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, எஞ்சின் நம்பரை எழுதிக் கட்டி வீட்டிலேயே வைத்திருங்கள்.