கூப்பனைத் திரும்ப வாங்குவது யார்?

2022-ல் ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழக ஊழியர்களுக்கு ஜூலைச் சம்பளமும் வரவில்லை, ஆகஸ்ட் சம்பளமும் வரவில்லை. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அரசு 50 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும், அதை வைத்து நிலுவையில் ஒரு பகுதியைப் பணமாகத் தர வேண்டும், மீதிக்குக் கூப்பன் தரலாம் என்று ஏற்பாடு சொல்லப்பட்டது. அரசு சார்ந்த சப்ளைகோ, கன்ஸ்யூமர்ஃபெட், கைத்தறி, காதி கடைகளில் அந்தக் கூப்பனைக் காட்டி அரிசியோ வேட்டியோ வாங்கிக்கொள்ளலாம். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. கடைசியில் முதல்வர் பினராயி விஜயன் சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசிய பிறகு, நிலுவையைப் பணமாகவே தருவதென்று முடிவானது.

திருவனந்தபுரம் தம்பானூர் மத்தியப் பேருந்து நிலையத்தில் டபுள் டூட்டி பார்த்துவிட்டு இறங்கும் ஒரு கண்டக்டரின் மாதக் கணக்கைப் பார்த்தாலே எதிர்ப்புக்குக் காரணம் புரியும். வீட்டு வாடகை, கூட்டுறவு வங்கிக் கடன் தவணை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மாதச் சீட்டு என்று எந்தச் செலவுக்கும் அந்தக் கூப்பன் செல்லாது. சம்பளத்தைக் கையில் பணமாகக் கொடுப்பதென்பது பெரிய போராட்டத்துக்குப் பிறகு கிடைத்த உரிமை. 19-ம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் கம்பெனிகள் சொந்தமாக உலோக டோக்கன்களை அடித்துப் புழங்கவிட்டன. இந்தியாவில் 1936-ம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் பணத்துக்குப் பதில் டோக்கனில் சம்பளம் தரும் வழியை அடைத்தது.

உள்ளூர் நாணயத்தை பிளாக்செயினில் ஏற்றிவிட்டால் ஊர்ப்பணம் ஊருக்குள்ளேயே சுற்றும், சிறு வியாபாரிகள் பிழைப்பார்கள் என்ற பேச்சு இப்போது அடிக்கடி கேட்கிறது. அதைச் சொல்பவர்கள் இந்த ஓணம் கூப்பன் கதையிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கூப்பனை பிளாக்செயினில் வெளியிட்டிருந்தாலும் கண்டக்டரின் வாடகைக்கு அது உதவியிருக்காது.

அப்படியானால் பிளாக்செயின் எதற்கு உதவும்? மளிகைக் கடையின் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நோட்டு கடைக்காரரிடம் மட்டும் இருந்தால் அவர் எழுதியதுதான் கணக்கு. அதே நோட்டின் நகல் தெருவில் ஐம்பது வீட்டில் இருந்து, ஒரு வரி எழுதினால் ஐம்பதிலும் ஏறும், பழைய வரியை ஒருவர் மட்டும் திருத்தினால் மற்ற நகல்களோடு பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும் என்றால், அதுதான் பிளாக்செயின். எத்தனை டோக்கன் வெளியே விடப்பட்டது, யார் கையில் எவ்வளவு இருக்கிறது, வெளியிட்டவர் ரகசியமாகக் கூடுதலாக அடித்தாரா என்ற கேள்விகளுக்கு அது பதில் தரும். கடையில் சரக்கு இருக்கிறதா என்ற கேள்விக்குத் தராது. 2023-ல் சப்ளைகோ கடைகளில் மானியப் பொருள்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. கையில் கூப்பன் இருந்து அலமாரி காலியாக இருந்தால் கணக்கு எத்தனை சுத்தமாக இருந்து என்ன பயன்?

ஊர்நாணயத்தை பிளாக்செயினில் ஏற்றும் வழியில் நெடுந்தூரம் போய்ப் பார்த்தவர்கள் கென்யாக்காரர்கள். மொம்பாசாவில் பங்களாதேஷ் என்றழைக்கப்படும் குடிசைப் பகுதியில் 2013-ல் ‘பங்களா பெசா’ என்ற காகிதச் சீட்டைச் சிறு வியாபாரிகள் தங்களுக்குள் புழங்கத் தொடங்கினார்கள். அதை முன்னெடுத்த வில் ரடிக்கும் உடனிருந்த சிலரும் கைது செய்யப்பட்டார்கள். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. சில ஆண்டுகளில் அந்தச் சீட்டு ‘சராஃபு’ என்ற பெயரில் பிளாக்செயினுக்கு மாறியது. கொரோனா காலத்தில் ரொக்கம் வற்றியபோது செஞ்சிலுவைச் சங்கமும் கைகொடுக்க, சுமார் 40,000 பேர் அதைப் பயன்படுத்தினார்கள். பெரும்பாலோர் கையில் சாதாரண பட்டன் போன்தான். நாம் ஸ்டார் போட்டு எண்ணை அழுத்தி பேலன்ஸ் பார்ப்போமே, அதே முறையில் தக்காளிக்காரரும் தண்ணீர் விற்பவரும் டோக்கனை அனுப்பிக்கொண்டார்கள். அந்தப் புழக்கத்தை ஆராய்ந்தவர்கள் கண்ட ஒன்று முக்கியமானது. டோக்கன் நன்றாகச் சுற்றிய இடங்களில் நடுவில் இருந்தவை உள்ளூர்ச் சேமிப்புக் குழுக்கள். ஒருவரையொருவர் ஏற்கெனவே நம்பிய கூட்டம் முன்பே இருந்தது. டோக்கன் அதன் மேல் வந்து உட்கார்ந்தது.

இப்படிப்பட்ட கூட்டத்துக்குக் கேரளத்தில் பஞ்சமில்லை. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் அயல்கூட்டங்களாகச் சேர்ந்து வாராவாரம் சேமித்துக் கடன் கொடுத்து வாங்குகிறார்கள். தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. திருவனந்தபுரத்தில் டிஜிட்டல் பல்கலைக்கழகத்தின் கீழ் பிளாக்செயின் அகாடமியே நடக்கிறது.

சிக்கல் வேறிடத்தில். தம்பானூர் ஹோட்டல்காரர் ஊர் டோக்கனை வாங்குகிறார் என்று வையுங்கள். அதைச் சாலைக் கடைவீதியில் காய்கறிக்காரரிடம் கொடுக்கிறார், அவரும் வாங்கிக்கொள்கிறார். அடுத்த நாள் விடியலில் அவருக்குச் சரக்கு வருவது நாகர்கோவில் வடசேரி சந்தையிலிருந்தும் தென்காசிப் பக்கமிருந்தும். அங்குள்ள கமிஷன் மண்டிக்குத் தம்பானூர் டோக்கன் எதற்கு? காய்கறிக்காரர் கையில் டோக்கன் குவியும், ரூபாய் தீரும், மூன்றாவது வாரம் அவர் வேண்டாம் என்று விடுவார். தன் உணவில் பெரும்பகுதியை எல்லைக்கு அப்பாலிருந்து வாங்கும் நகரத்தில் ஊர்நாணயம் தேங்குகிற இடம் இதுதான்.

தேங்காமல் இருக்க வேண்டுமானால், வெளியிட்டவரே தன் கவுண்டரில் அதைத் திரும்ப வாங்க வேண்டும். இதே திருவனந்தபுரத்தில் அப்படி ஒரு நாணயம் ஓடியது. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தக் காசு இருந்தது: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது, விரலில் எண்ண முடியாது. வரிசை வரிசையாகக் குழி போட்ட மரப்பலகையில் கைப்பிடிச் சக்கரத்தைக் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்காரும். மிச்சத்தைத் தள்ளிவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. சமஸ்தானம் தன் வரவு செலவை எழுதியதும் இந்தச் சக்கரக் கணக்கில்தான். வரி கட்ட உதவும் காசைக் கடைக்காரர் ஏன் மறுக்கப்போகிறார்?

ஆஸ்திரியாவில் வெர்கல் என்ற சிற்றூர் 1932-ல் சொந்தச் சீட்டு வெளியிட்டு வெற்றி கண்டதற்கும் இதுவே அடிப்படை. மேயர் உன்டர்குக்கன்பெர்கர் நகராட்சி வேலைக்கு அந்தச் சீட்டில் கூலி கொடுத்தார். மாதம் 1 சதவீதம் மதிப்பு குறையும் என்பதால் யாரும் பதுக்கவில்லை. மக்கள் அதைக் கொண்டே பாக்கி வரியைக் கட்டினார்கள். மறு ஆண்டே மத்திய வங்கி தடுத்து நிறுத்திவிட்டது.

இதைக் கேரளத்தில் எங்கே பொருத்தலாம் என்று யோசித்தால் எனக்கு ஜனகீய ஹோட்டல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே 20 ரூபாய்க்குச் சாப்பாடு போட்ட குடும்பஸ்ரீ பெண்களுக்குச் சாப்பாட்டுக்கு 10 ரூபாய் அரசு மானியம் சேர வேண்டியிருந்தது. அது மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. 2023-ல் மானியமே நிறுத்தப்பட்டது. கடன் வாங்கி அரிசி போட்ட பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அரசு தர வேண்டிய அந்த நிலுவை அன்றன்றே டோக்கனாக அவர்கள் கணக்கில் ஏறியிருந்தால், அதை மின்வாரியக் கட்டணத்துக்கும் கட்டட வரிக்கும் சப்ளைகோ அரிசிக்கும் செலுத்த முடிந்திருந்தால், அரசு எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறது என்பதை எல்லோரும் பார்க்க முடிந்திருந்தால், அந்த டோக்கனுக்கு அர்த்தம் இருந்திருக்கும். பாக்கியை மறைக்க முடியாத கணக்கு என்ற அளவில் பிளாக்செயின் அங்கே உண்மையாகவே வேலை செய்யும். ஆனால் சம்பளத்துக்கு மாற்றாக அல்ல, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். பணமாக வேண்டுமென்பவருக்குப் பணமாகவே தர வேண்டும்.

சட்டம் எவ்வளவு இடம் தருகிறது? கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் பணம் தருவதாக உறுதி சொல்லும் சீட்டை ரிசர்வ் வங்கியும் மத்திய அரசும் தவிர யாரும் வெளியிடக் கூடாது என்கிறது 1934-ம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம். ஒரு கடை தன் கடையில் மட்டும் செல்லும் கூப்பனை வெளியிட ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. பல கடைகளில் செல்ல வேண்டுமென்றால் 2007-ம் ஆண்டின் பணப்பட்டுவாடா அமைப்புகள் சட்டம் வந்துவிடும். 2021-ல் வந்த இ-ருப்பி வவுச்சர் இந்தச் சட்ட எல்லைக்குள், பிளாக்செயின் இல்லாமலேயே, குறிப்பிட்ட செலவுக்கு மட்டும் பணத்தை அனுப்பிக் காட்டியது. பிளாக்செயின் டோக்கனுக்கு இன்னொரு பயமும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் மெய்நிகர் டிஜிட்டல் சொத்தின் லாபத்துக்கு 30 சதவீத வரி, ஜூலை முதல் கைமாறும்போது 1 சதவீதப் பிடித்தம். பரிசுக் கூப்பனுக்கும் லாயல்டி பாயின்ட்டுக்கும் விலக்கு இருக்கிறது. ஊர் டோக்கன் என்று அந்தப் பட்டியலில் தனியாக எதுவும் இல்லை. இறங்க நினைக்கும் அயல்கூட்டம் முதலில் ஆடிட்டரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.