உஷார்! அந்த காருக்குள் கூண்டு இருந்தது

ஞாயிற்றுக்கிழமை காலை நைனார்பாளையம் டீக்கடை வாசலில் நாலைந்து பைக்குகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. எங்கே என்று கேட்டால், "சும்மா ஒரு ரவுண்டுண்ணே, சின்னசேலம் ஃபோர்வே வரைக்கும்" என்கிறார்கள். சில வாரம் கல்வராயன் மலையேறி வெள்ளிமலை வரை. இருக்கும் ஒரே ஹெல்மெட்டும் ஹேண்டில்பாரில் தொங்குகிறது. ஒருவன் போனை நீட்டுகிறான். 2025 ஜனவரி 7, துபாய் பந்தயத் தடம். பயிற்சியில் நடிகர் அஜித்குமாரின் போர்ஷே கார் தடுப்பில் மோதிப் பம்பரமாய்ச் சுற்றுகிறது. "பாருங்கண்ணே, தல ஜம்முனு இறங்கி வர்றாரு!"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது இதைக் கேட்டுத்தான்.

அடுத்த மாதம் ஸ்பெயினின் வலென்சியாவில் கார் உருண்டபோதும் அவர் காயமின்றி வந்தார், உண்மைதான். ஆனால் தம்பி, அந்த காருக்குள் இரும்புக் குழாய்க் கூண்டு. ஆளை இருக்கையோடு இறுக்கிக் கட்டும் பெல்ட்டுகள். மோதும் வேகத்தில் தலை முன்னால் பாய்ந்து கழுத்து முறியாமலிருக்க, ஹெல்மெட்டைத் தோளோடு பிணைக்கும் 'ஹான்ஸ்' என்ற கருவி. கொடியோடு நிற்கும் மார்ஷல்கள், ஓடிவரத் தயாராய் மருத்துவக் குழு. வீடியோவில் தெரிவது சுற்றுகிற கார் மட்டும்.

இத்தனை இருந்தும் உயிர் போகும். நம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலேயே 2023 ஜனவரி 8 அன்று, தேசிய கார் பந்தயத்தில் மூத்த வீரர் கே.இ.குமார் இறந்தார். வயது 59. இன்னொரு கார் உரசியதில் அவர் கார் தடம் மாறி, வேலியை உடைத்துக்கொண்டு தலைகீழாய் விழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5, அதே தடத்தில் பைக் பந்தயம். விழுந்து தலையில் அடிபட்ட பெங்களூருச் சிறுவன் ஸ்ரேயாஸ் ஹரீஷ் பிழைக்கவில்லை. அவனுக்கு 13 வயது.

நம்ம ரோட்டுக்கு வாருங்கள். வளைவு திரும்பினால் பாதி ரோட்டில் மக்காச்சோளம் காய்கிறது. அதன்மேல் பிரேக் பிடித்தால் டயர் நிற்குமா? இருட்டில் பின்விளக்கே இல்லாமல் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர். மலைப்பாதை வளைவில் எதிரே பஸ். மார்ஷலாவது கொடியாவது! அங்கே குறுக்கே நிற்பது மாடுதான்.

விழுந்துவிட்டால் நடப்பது அதைவிடப் பயங்கரம். நாலு பேர் ஓடி வந்து, ஆளுக்கொரு கை காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுகிறோம். மனசு நல்ல மனசுதான். ஆனால் கழுத்தெலும்போ முதுகெலும்போ விலகியிருந்தால் அந்தத் தூக்கலிலேயே ஆள் ஆயுசுக்கும் முடங்கிப்போகலாம்.

2017 ஏப்ரலில் இங்கிலாந்தின் டானிங்டன் பார்க் பந்தயத் தடத்தில் நின்றுபோன கார்மீது மோதினான் பில்லி மாங்கர் என்ற 17 வயதுப் பையன். கால்கள் காருக்குள் சிக்கிக்கொண்டன. அவசரப்பட்டு யாரும் இழுக்கவில்லை. மருத்துவர்கள் பக்கத்திலேயே இருக்க, வெளியே எடுக்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது. இரண்டு கால்களும் போயின. ஓராண்டுக்குள் அவனுக்கேற்ப மாற்றிய காரில் மீண்டும் பந்தயத்துக்கு வந்து, பிரிட்டிஷ் எஃப்3-இல் மூன்றாமிடம் பிடித்தான். உயிரோடு மீண்டதில் அந்த நிதானத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே முதலில் 108. மூச்சு சீராக வந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்திருங்கள். தண்ணீர் புகட்டவே கூடாது. ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்துங்கள். போலீஸ் கேஸ் என்று ஒதுங்க வேண்டாம். உதவியவரின் பெயரைக் கட்டாயப்படுத்திக் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்க மாட்டார்கள்.

பெற்றவர்களே, பிளஸ் ஒன் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு "பக்கத்துலதான் போறான்" என்று சொல்கிறவர்களே! 18 வயது ஆகாதவன் ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால் உங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.