ஏழு சென்ட், பத்து சென்ட்: கனடாவில் பிரெட் விலை ஏறிய கதை

2017 டிசம்பர் 19. கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஆறு நாள். கடைகளில் கூட்டம் அலைமோதும் அந்த வாரத்தில், கனடாவின் மிகப் பெரிய மளிகைச் சங்கிலியான லாப்லாவும் அதன் தாய் நிறுவனமான ஜார்ஜ் வெஸ்டனும் ஓர் அறிக்கை வெளியிட்டன. 2001-ன் இறுதியிலிருந்து 2015 மார்ச் வரை, பாக்கெட் பிரெட்டின் விலையை ஏற்றுவதற்காகத் துறையில் உள்ள மற்றவர்களோடு சேர்ந்து செயல்பட்டதாக இரண்டும் ஒப்புக்கொண்டன. பரிகாரமாக, வாடிக்கையாளருக்கு ஆளுக்கு 25 டாலர் அட்டை ஒன்று தருவதாகவும் அறிவித்தன. அந்த அட்டையை லாப்லா குழுமத்தின் மளிகைக் கடைகளில்தான் செலவழிக்க முடியும்.

சுமார் பதினான்கு ஆண்டுகள் என்பது ஒரு குழந்தை பிறந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் காலம். பிரெட்டோ தள்ளிப்போட முடியாத பொருள். டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறிய இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள், பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாட்டுக்கு நோ ஃபிரில்ஸ் போன்ற மலிவுக் கடைகளில் பாண் (பிரெட்) வாங்கியதும் இதே ஆண்டுகளில்தான். நோ ஃபிரில்ஸும் லாப்லா குழுமத்துக்கு உரியது. ஒரு பாக்கெட்டுக்குப் பத்து சென்ட் கூடினால் யாரும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில்லை; கோதுமை விலை ஏறியிருக்கும் என்று நினைத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவ்வளவு காலம் இது வெளியே தெரியாமல் ஓடியதற்கு அந்தச் சின்னத் தொகையும் ஒரு காரணம்.

எப்படி நடந்தது?

கனடாவின் போட்டிச் சட்டத்தை அமல்படுத்தும் அமைப்பு போட்டிப் பணியகம். 2017 அக்டோபர் 31 அன்று அதன் அதிகாரிகள் பல நிறுவனங்களின் அலுவலகங்களில் சோதனை நடத்தினார்கள். அந்தச் சோதனைக்கு அனுமதி கேட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணங்கள் 2018 ஜனவரி இறுதியில் வெளியே வந்தன. அவற்றில் ஒரு வாய்பாடு இருந்தது: ஏழு, பத்து.

பேக்கரி நிறுவனம் மொத்த விலையை ஏழு சென்ட் ஏற்றும். கடை, சில்லறை விலையைப் பத்து சென்ட் ஏற்றும். இடையில் உள்ள மூன்று சென்ட் கடைக்கு. இப்படிப் படிப்படியாக ஏற்றியதில், சுமார் பதினாறு ஆண்டுகளில் ஒரு பாக்கெட்டின் விலை குறைந்தது ஒன்றரை டாலர் உயர்ந்தது என்பது பணியகத்தின் குற்றச்சாட்டு.

இதில் கடைகள் ஒரே அறையில் கூடிப் பேச வேண்டிய தேவை இருக்கவில்லை. பாக்கெட் பிரெட் தயாரிப்பில் முன்னணியில் இருந்தவை வெஸ்டன் ஃபுட்ஸ், கனடா பிரெட் என்ற இரண்டு நிறுவனங்கள். ஆவணங்கள் சொல்வதன்படி, இவற்றின் மேலதிகாரிகள் முதலில் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு சங்கிலியையும் தனித்தனியே அணுகினார்கள். "பக்கத்துக் கடையும் ஏற்றுமா?" என்பதுதான் கடைகளின் கவலை. ஏற்றும் என்ற உறுதியைப் பேக்கரிகளே ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குச் சுமந்து சென்றன. யாராவது விலையைக் குறைத்து விற்றால் புகாரும் பேக்கரிக்கே வந்தது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனால் எல்லாம் நடுவில் உள்ள குடத்தில் செருகியிருக்கின்றன. இந்த ஏற்பாடும் அப்படிப்பட்டது.

ஆவணங்களில் பெயர் வந்த மற்ற சங்கிலிகள் குற்றச்சாட்டை மறுத்தன. தாங்கள் சட்டத்தை மீறவில்லை என்பது அவற்றின் நிலை.

முதலில் சொன்னவருக்கு விலக்கு

ஒப்புக்கொண்ட லாப்லாவுக்கும் வெஸ்டனுக்கும் என்ன தண்டனை கிடைத்தது? குற்றவியல் வழக்கே இல்லை. 2015 மார்ச்சிலேயே அவை பணியகத்திடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டன. முதலில் வந்து உண்மையைச் சொல்லி, விசாரணைக்கு ஒத்துழைப்பவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிப்பது பணியகத்தின் நடைமுறை.

கேட்பதற்குக் கசப்பாக இருந்தாலும் இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் உண்டு. விலைச் சதிக்கு ரசீது கிடையாது, சாட்சி கிடையாது. உள்ளே இருப்பவர் வாய் திறந்தால்தான் வழக்கு நிற்கும். "கூட்டாளி என்னை முந்திக்கொண்டு சொல்லிவிட்டால்?" என்ற பயத்தை ஒவ்வொருவர் மனதிலும் விதைப்பதுதான் இதன் நோக்கம். ஆனால் இந்த வழக்கில் பிரெட் செய்த வெஸ்டன் ஃபுட்ஸும் அதை விற்ற லாப்லாவும் அப்போது ஒரே குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்த ஒரே குழுமம். இரண்டு பக்கமும் லாபம் பார்த்தவருக்கே முழு விலக்கும் கிடைத்தது என்பதைச் சாதாரண மக்கள் ஏற்றுக்கொள்வது கடினம். அந்தக் கோபத்தில் தவறில்லை.

தண்டனை வேறொருவருக்கு வந்தது. 2023 ஜூனில் கனடா பிரெட் நிறுவனம் ஒன்டாரியோ நீதிமன்றத்தில் நான்கு குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டது. 2007-லும் 2011-லும் நடந்த இரண்டு விலையேற்றங்கள் தொடர்பானவை அவை. விதிக்கப்பட்ட அபராதம் 5 கோடி கனடிய டாலர். அந்த நாட்டில் விலைச் சதிக்காக ஒரு நீதிமன்றம் அதுவரை விதித்தவற்றில் இதுவே மிகப் பெரியது. குற்றம் நடந்தபோது அந்த நிறுவனம் மேப்பிள் லீஃப் ஃபுட்ஸின் கையில் இருந்தது. 2014-ல் அதை வாங்கிய மெக்சிகோவின் குரூப்போ பிம்போவின் தலையில்தான் அபராதம் விழுந்தது. மேப்பிள் லீஃப் தரப்போ, தவறு எதுவும் தங்களுக்குத் தெரியாது என்றது.

மக்களுக்கு எவ்வளவு வந்தது? நுகர்வோர் தொடுத்த கூட்டு வழக்குகளை முடித்துக்கொள்ள, 2024 ஜூலையில் லாப்லாவும் வெஸ்டனும் 50 கோடி டாலருக்கு உடன்பட்டன. அதில் 9.6 கோடி, ஏற்கெனவே அட்டைகளாகக் கொடுத்த தொகை. அதாவது தவறு தொடங்கிய நாளிலிருந்து கணக்குப் பார்த்தால், இழப்பீட்டுப் பேச்சு ஒரு முடிவுக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. வாரம் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டுக்கு ஒன்றரை டாலர் கூடுதல் என்றால் ஆண்டுக்கு 156 டாலர் ஆகிறது. 25 டாலர் அட்டையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு எங்கே இடிக்கிறது என்பது தெரியும்.

இது ஏன் சாத்தியமானது?

1986-ல் கனடாவில் வெவ்வேறு உரிமையாளர்களிடம் குறைந்தது எட்டுப் பெரிய மளிகைச் சங்கிலிகள் இருந்தன. பிறகு ஒன்றையொன்று விழுங்கத் தொடங்கின. லாப்லா 1998-ல் கியூபெக்கின் ப்ரோவிகோவை வாங்கியது. சோபீஸ் அதே ஆண்டில் ஒஷாவா குழுமத்தையும், 2013-ல் கனடா சேஃப்வேயையும் வாங்கியது. மெட்ரோ 2005-ல் ஏ அண்ட் பி கனடாவை வாங்கியது. பணியகம் 2023 ஜூனில் வெளியிட்ட ஆய்வின்படி, லாப்லா, சோபீஸ், மெட்ரோ, காஸ்ட்கோ, வால்மார்ட் ஆகிய ஐந்தும் சேர்ந்து நாட்டின் உணவு விற்பனையில் முக்கால் பங்குக்கு மேல் வைத்திருக்கின்றன. முதல் மூன்று நிறுவனங்கள் மட்டும் 2022-ல் 10,000 கோடி டாலருக்கு மேல் விற்று, 360 கோடி டாலருக்கு மேல் லாபம் காட்டின.

கடைகள் குறையும்போது, யார் என்ன செய்வார்கள் என்று ஊகிப்பது எளிதாகிறது. பேசாமலே ஒரே திசையில் நகரவும் முடிகிறது. இதற்கு உதாரணம் பிரெட் மட்டுமல்ல. 2020-ல் கொரோனா உச்சத்தில் இருந்தபோது கடை ஊழியர்களுக்கு மணிக்கு இரண்டு டாலர் கூடுதல் ஊதியம் கொடுத்தார்கள். ஜூன் மாதத்தில் லாப்லா, சோபீஸ், மெட்ரோ மூன்றும் ஒரே சமயத்தில் அதை நிறுத்தின. நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்தபோது, அவரவர் தனியாக எடுத்த முடிவு என்றார்கள் அதிகாரிகள். ஆனால் லாப்லாவின் தலைவர், தங்கள் முடிவை மரியாதை நிமித்தம் போட்டி நிறுவனங்களுக்கு மின்னஞ்சலில் முன்கூட்டியே தெரிவித்ததாகச் சொன்னார். ஊதியத்தைக் குறைக்கப் போட்டியாளர்கள் பேசி வைத்துக்கொள்வதை அன்றைய சட்டம் குற்றமாகவே பார்க்கவில்லை. 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஜூன் முதல் அது குற்றமாயிற்று.

கடைகளின் பிடி, பொருள் கொடுப்பவர்களையும் இறுக்கியது. 2020 ஜூலையில் வால்மார்ட் கனடா, தன் கடைகளைப் புதுப்பிக்கும் செலவுக்காக சப்ளையர்களிடம் 1.25 சதவீதக் கட்டணம் கேட்டது. சில மாதங்களில் லாப்லாவும் தன் பங்குக்கு ஒரு கட்டணத்தை அறிவித்தது. இத்தனை பெரிய வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்ல ஒரு சிறு உற்பத்தியாளரால் ஆகுமா?

இப்போது என்ன மாறியிருக்கிறது?

அந்தக் கட்டணச் சண்டையிலிருந்து பிறந்ததுதான் மளிகைத் துறைக்கான நடத்தை விதி. சேர மாட்டோம் என்று இழுத்தடித்த லாப்லாவும் வால்மார்ட்டும் 2024-ல் ஒப்புக்கொண்டன. 2026 ஜனவரி முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வரும் என்று திட்டமிடப்பட்டது. ஆனால் அது சட்டமல்ல. தாமாக முன்வந்து ஏற்றுக்கொண்ட உடன்பாடு.

சட்டத்தில் வந்த மாற்றங்களுக்கு இதைவிட வலு அதிகம். இணைப்பால் போட்டி குறைந்தாலும் செலவு மிச்சமாகிறது என்று சொல்லித் தப்பிக்க இடம்கொடுத்த பழைய விதிவிலக்கு 2023 டிசம்பரில் நீக்கப்பட்டது. நில ஒப்பந்தங்களும் இப்போது கேள்விக்கு உள்ளாகியிருக்கின்றன. ஒரு சங்கிலி தன் பழைய கடை இருந்த மனையை விற்கும்போது, அங்கே இன்னொரு மளிகைக் கடை வரக் கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை போட்டுவிடுவது வழக்கம். வணிக வளாகங்களின் வாடகை ஒப்பந்தங்களிலும் இதே கதைதான். லாப்லா, சோபீஸ் ஆகியவற்றின் தாய் நிறுவனங்கள் மீது இது குறித்துப் பணியகம் 2024-ல் விசாரணை நடத்தியது. இந்த நிபந்தனைகள் விலகாமல் புதுக் கடைக்காரர் ஒருவர் ஊருக்குள் நுழையவே இடம் கிடைக்காது. அபராதத்தைவிட, மன்னிப்பு அறிக்கையைவிட, பிரெட் விலையைக் கட்டுக்குள் வைக்கக்கூடியது அந்தப் புதுக் கடைதான்.

2023 ஆய்வை வெளியிட்டபோது, மூன்று ஆண்டு கழித்து இந்தத் துறையைத் திரும்பவும் பார்ப்பதாகப் பணியகம் சொல்லியிருந்தது. அந்த மறு ஆய்வில் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். எத்தனை நிபந்தனைகள் பத்திரங்களிலிருந்து நீங்கின? ஐந்து பெரிய நிறுவனங்களோடு தொடர்பில்லாத எத்தனை கடைகள் புதிதாகத் திறந்தன? நடத்தை விதியை மீறிய நிறுவனத்தின் பெயர் ஒன்றாவது வெளியே வந்ததா?