விருந்தாளியாக வந்தவள் வீட்டுக்காரி ஆகலாமா?

கனடாவில் கணவன். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ மனைவி. அவள் விசா வாங்கிக்கொண்டு, கணவனைப் பார்க்கப் போகிறாள்.

கனடாவுக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குப் பொதுவாக 6 மாதம் தங்க அனுமதி உண்டு. அது முடிந்ததும் புறப்பட வேண்டும்.

புறப்படத்தான் வேண்டுமா? அங்கே இருந்தபடியே, "இனி நான் இங்கேயே வாழ விரும்புகிறேன்" என்று மனுக் கொடுக்க முடியாதா?

முடியும்! சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

ஆனால் மனுக் கொடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. வழி தெரியாமல் கால் வைத்தால், சேர்ந்த பிறகும் பிரிய நேரிடலாம்.

மனைவிக்குத் தடை!

கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ இந்த நாடு எப்போதும் வழி விட்டதா? இல்லை.

1885-ம் ஆண்டில் சீனர்களுக்குத் தலைவரி போட்டார்கள். ஒருவர் உள்ளே வர 50 டாலர். 1903-ம் ஆண்டில் அது 500 டாலர் ஆயிற்று. 1923-ம் ஆண்டில் கதவையே மூடிவிட்டார்கள். அந்தச் சட்டம் 1947-ம் ஆண்டில்தான் நீங்கியது. அதுவரை கணவன் கனடாவில், மனைவி சீனாவில் என்று எத்தனையோ குடும்பங்கள் பிரிந்து கிடந்தன.

இந்தியர்களுக்கு வேறு தந்திரம். "சொந்த நாட்டிலிருந்து எங்கும் நிற்காமல் நேராக வர வேண்டும்" என்று 1908-ம் ஆண்டில் உத்தரவு போட்டார்கள். இந்தியாவிலிருந்து அப்படி நேராக வருவதற்கு வழியே இல்லை!

பாக் சிங், பல்வந்த் சிங் என்ற இரண்டு சீக்கியர்கள் வான்கூவர் நகரில் வாழ்ந்தார்கள். 1912-ம் ஆண்டு ஜனவரியில் மனைவி மக்களோடு கப்பலில் வந்து இறங்கினார்கள். ஆண்கள் முன்பே அங்கு வாழ்ந்தவர்கள். அவர்களை உள்ளே விட்டார்கள். மனைவி மக்களைத் திருப்பி அனுப்ப உத்தரவு போட்டார்கள்!

வழக்குப் போட்டுப் போராடினார்கள். கடைசியில், "இது உரிமை அல்ல, கருணை" என்று சொல்லி அனுமதித்தார்கள்.

1919-ம் ஆண்டில்தான் கனடாவில் வாழ்ந்த இந்தியர்கள் மனைவி மக்களை வரவழைக்க வழி திறந்தது.

இன்றைய சட்டம்

இப்போதுள்ள குடியேற்றச் சட்டம் 2002-ம் ஆண்டு ஜூன் மாதம் அமலுக்கு வந்தது. பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைப்பது தன் நோக்கங்களில் ஒன்று என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

மனைவிக்குக் கிடைப்பது நிரந்தரமாகத் தங்கும் உரிமை. அது பிரஜா உரிமை அல்ல. ஓட்டுப் போட முடியாது. ஆனால் வேலை பார்க்கலாம். படிக்கலாம். விசாக் கெடு முடிகிறதே என்ற பயம் இல்லாமல் வாழலாம்.

அதற்குக் கணவன் பொறுப்பு ஏற்க வேண்டும். இதைத்தான் கனடாத் தமிழர்கள் "ஸ்பொன்சர் செய்வது" என்கிறார்கள். அவன் கனடாப் பிரஜையாகவோ, நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவனாகவோ இருக்க வேண்டும். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். உடல் ஊனத்துக்காக அல்லாமல் வேறு காரணத்துக்காகச் சர்க்கார் உதவிப் பணம் வாங்குகிறவன் பொறுப்பு ஏற்க முடியாது.

மனைவியின் செலவுக்கு 3 வருட காலம் அவன்தான் பொறுப்பு. இடையில் விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு நீங்காது!

மனைவி கனடாவில் இருந்து, கணவனை அழைத்தாலும் இதே சட்டம்தான். கியூபெக் மாகாணத்தில் மட்டும் தனி விதிகளும் சேர்ந்துகொள்ளும்.

பொய் சொல்லக் கூடாது

விமான நிலையத்தில் அதிகாரி கேட்பார்: "எதற்காக வந்தீர்கள்?"

"கணவரைப் பார்க்க" என்றால் வேலை கெட்டுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். "சிநேகிதி வீட்டுக்கு வந்தேன்" என்று பொய் சொல்லுகிறார்கள்.

அது வேண்டாத பயம். ஒருவருக்கு இரண்டு எண்ணங்கள் இருக்கலாம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. இப்போது பார்க்க வந்திருக்கிறேன். பிற்பாடு நிரந்தரமாகத் தங்கவும் ஆசை. இது குற்றம் அல்ல. ஆனால், "அனுமதி கிடைக்காவிட்டால் கெடு முடிவதற்குள் திரும்பிவிடுவேன்" என்று அதிகாரி நம்பும்படி காட்ட வேண்டும்.

பொய் சொல்லி அகப்பட்டால்? 5 வருடத்துக்குக் கனடாவுக்குள் நுழைய முடியாது!

உள் வழி, வெளி வழி

இனி அந்த இரண்டு வழிகளைப் பார்க்கலாம்.

ஒன்று உள் வழி. கணவனும் மனைவியும் கனடாவில் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தபடி மனுக் கொடுப்பது.

மற்றது வெளி வழி. இது வெளிநாட்டில் இருக்கும் மனைவிக்காக ஏற்பட்டது. ஆனால் கனடாவுக்குப் பார்க்க வந்திருக்கும் மனைவியும் இந்த வழியில் மனுக் கொடுக்கலாம். இது பலருக்குத் தெரியாது!

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

உள் வழியில் மனுக் கொடுத்தவள் கனடாவிலேயே கணவனோடு வாழ வேண்டும். நடுவில் வெளிநாடு போனால், திரும்ப உள்ளே விடுவார்கள் என்ற உறுதி இல்லை. உள்ளே விடாவிட்டால் மனுவும் தள்ளுபடி ஆகலாம்.

ஊரில் தாய் சாகக் கிடக்கிறாள் என்று தந்தி போல் ஒரு போன் வருகிறது. மகள் என்ன செய்வாள்? போனால் கணவனை எப்போது பார்ப்பாளோ! போகாவிட்டால் தாயின் முகத்தைப் பார்க்க முடியாது. இந்தத் தவிப்பு உள் வழியில் வரலாம்.

வெளி வழியில் மனுக் கொடுத்தவள் போய் வரலாம். அதனால் மனு கெடாது. திரும்பி வர மட்டும் செல்லுபடியாகும் விசா வேண்டும். நேர்காணலுக்கு வெளிநாட்டில் உள்ள அலுவலகத்துக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள்.

இன்னொரு பெரிய வித்தியாசம் உண்டு. வெளி வழி மனு தள்ளுபடியானால், கணவன் 30 நாளைக்குள் குடியேற்ற அப்பீல் மன்றத்துக்குப் போகலாம். உள் வழி மனுவுக்கு அந்த அப்பீல் கிடையாது. 15 நாளைக்குள் பெடரல் கோர்ட்டை நாட வேண்டும். வழக்கை எடுத்துக்கொள்வதா என்பதையே கோர்ட் முதலில் யோசிக்கும்.

சுருங்கச் சொன்னால், ஊருக்குப் போக வேண்டி வரலாம் என்று நினைப்பவளுக்கு வெளி வழி ஏற்றது. கணவனை விட்டு எங்கும் போவதில்லை என்பவளுக்கு உள் வழி போதும்.

நாள் தவறக் கூடாது

மனுக் கொடுத்துவிட்டால் 6 மாதக் கெடு தானாக நீளாது! பலர் ஏமாறுவது இங்கேதான்.

கெடுவை நீட்டித் தரும்படி தனியாக ஒரு மனுக் கொடுக்க வேண்டும். கெடு முடிய 30 நாளுக்கு முன்பே கொடுப்பது நல்லது. கெடுவுக்குள் கொடுத்துவிட்டால், முடிவு வரும் வரை சட்டப்படி தங்கலாம்.

கெடு தவறினாலும் 90 நாளைக்குள், இழந்த அனுமதியைத் திரும்பக் கேட்கலாம். உள் வழியில் மனுக் கொடுக்கும் மனைவி கெடு தாண்டித் தங்கியிருந்தாலும், அதற்காக மட்டும் மனுவைத் தள்ள வேண்டாம் என்று 2005-ம் ஆண்டில் சர்க்கார் ஒரு சலுகை தந்தது. ஆனால் சலுகையை நம்பி நாளைக் கடத்துவது புத்தி அல்ல.

மனு முடியும் வரை மனைவி சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். உள் வழியில் மனுக் கொடுத்தவர்களுக்கு 2014-ம் ஆண்டு டிசம்பரில் வேலை அனுமதி தரத் தொடங்கினார்கள். கனடாவில் கணவனோடு வாழ்ந்தபடி வெளி வழியில் மனுக் கொடுத்தவர்களுக்கும் 2023-ம் ஆண்டு மே மாதத்தில் அதை நீட்டினார்கள். அனுமதி கைக்கு வராமல் வேலைக்குப் போகக் கூடாது.

உண்மைக் கல்யாணமா?

அதிகாரி முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான். கனடாவுக்கு வருவதற்காகவே செய்த கல்யாணம் செல்லாது.

தாலி கட்டிய போட்டோ மட்டும் போதாது. இருவரும் பேசிய பேச்சு, எழுதிய கடிதம், அனுப்பிய பணம், போய்ப் பார்த்த பயணச் சீட்டு, சேர்ந்து வாழும் வீட்டின் வாடகைச் சீட்டு, இரு வீட்டாரும் கூடி நிற்கும் படம் எல்லாம் சாட்சி சொல்லும். டாக்டர் பரிசோதனையும், குற்றம் இல்லை என்ற போலீஸ் சான்றும் வேண்டும்.

கணவன் கனடாவுக்கு முதலில் வந்தபோது, கல்யாணம் ஆகியும் "ஆகவில்லை" என்று எழுதிக் கொடுத்திருந்தால் ஆபத்து! அப்படி மறைத்த மனைவியைப் பிறகு அழைக்க முடியாதபடி விதி இருக்கிறது.

மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம்

2012-ம் ஆண்டு அக்டோபரில் ஒரு விதி வந்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்த மனைவி, கணவனோடு 2 வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் உரிமை நிலைக்கும் என்றார்கள். அடிபட்டாலும் வெளியே போகப் பெண்கள் பயந்தார்கள். கொடுமைக்கு ஆளானவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், அந்தப் பயம் போகவில்லை. 2017-ம் ஆண்டில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.

இப்போது உரிமை கிடைத்துவிட்டால், "உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று கணவன் மிரட்டுவது பலிக்காது. ஒழுங்காகப் பெற்ற உரிமையைப் பறிக்க அவனுக்கு அதிகாரம் இல்லை.

உரிமை கிடைப்பதற்கு முன்னால் மட்டும், அவன் பொறுப்பிலிருந்து விலகி மனுவை நிறுத்த முடியும். அந்த நிலையில் கொடுமைக்கு ஆளான பெண்களுக்காக, 2019-ம் ஆண்டு ஜூலையில் தனி அனுமதி ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. குறைந்தது 6 மாதம் தங்கலாம்.

மனுப் படிவங்களைச் சர்க்கார் இலவசமாகவே தருகிறது. எழுதிக் கொடுக்கப் பணம் வாங்குகிறவர் வக்கீலாகவோ, உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். "எனக்கு உள்ளே ஆள் தெரியும்" என்று சொல்லுகிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவர் எழுதித் தரும் பொய்க்கு, கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும்.