புறக்கடைக் கோழிகளின் கொன்றுண்ணிகள்

புறக்கடைக் கோழிகளின் கொன்றுண்ணிகள் என்பவை, வீட்டுக் கொல்லையில் திறந்தவெளியில் வளர்க்கப்படும் கோழிகளையும் அவற்றின் குஞ்சுகளையும் முட்டைகளையும் பிடித்து உண்ணும் விலங்குகள் ஆகும். நோய்க்கு அடுத்தபடியாக நாட்டுக்கோழி வளர்ப்பில் இழப்பை உண்டாக்குபவை இவையே. இக்கட்டுரை தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில், குறிப்பாக நாகப்பட்டினம் மாவட்டத்து வேளாங்கண்ணியை ஒட்டிய கடலோர ஊர்களில் காணப்படும் நிலையை முதன்மையாகக் கொண்டு விளக்குகிறது.

இழப்பின் தன்மை

நாட்டுக்கோழி ஓர் ஆண்டில் ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகள் வரை இடும். இவற்றைச் சில ஈடுகளாகப் பிரித்து இடுகிறது. ஓர் ஈடு முடிந்ததும் கோழி அடைகாக்கத் தொடங்கும். அடைக்காலம் 21 நாட்கள். குஞ்சுகள் பொரித்த பின்னர் பல வாரங்கள் தாயின் காவலிலேயே மேய்கின்றன. எனவே அடைக்கோழி ஒன்று பறிபோனால் அதன் கீழிருந்த முட்டைகளும் வீணாகின்றன. குஞ்சுகளுடன் திரியும் கோழி பறிபோனால் குஞ்சுகளும் குளிராலும் பருந்தாலும் மடிகின்றன. நிலமற்ற குடும்பங்களில் கோழி பெரும்பாலும் பெண்களின் கைச்சேமிப்பு ஆகும். மருந்துச் செலவு, பள்ளிச் செலவு போன்றவற்றிற்குக் கோழியை விற்பது வழக்கம். இதனால் ஒரு கோழியின் இழப்பு அதன் இறைச்சி விலையைவிடப் பெரியது.

சூழல்

வேளாங்கண்ணி, நாகப்பட்டினத்திற்குத் தெற்கே வங்கக் கடலோரத்தில் அமைந்துள்ளது. ஊரைச் சுற்றி நெல்வயல்கள், வாய்க்கால்கள், தென்னந்தோப்புகள், சீமைக்கருவேலப் புதர்கள் ஆகியவை கலந்து காணப்படுகின்றன. வயலில் எலியும் நண்டும் தவளையும் மிகுதி. இவற்றை உண்டு வாழும் கீரி, பாம்பு, காட்டுப்பூனை, நரி ஆகியவை ஊரை ஒட்டியே வாழ்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் வயல்கள் நீரில் மூழ்கும்போது, எலியும் பாம்பும் மேடான வீட்டு மனைகளை நாடி வருகின்றன.

2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கசா புயலில் இப்பகுதியின் தென்னைகள் பெருமளவில் சாய்ந்தன. கால்நடைகளும் கோழிகளும் ஏராளமாக இறந்தன. இத்தகைய பேரிடர்களில் கூண்டுகளும் வேலிகளும் அழிவதால், எஞ்சிய கோழிகளும் காவலின்றி நிற்க நேரிடுகிறது.

முக்கியக் கொன்றுண்ணிகளும் தடயங்களும்

* கீரி: பகலில் நடமாடும் விலங்கு. கழுத்தையோ தலையையோ கடித்துக் கொல்லும், முட்டைகளையும் உண்ணும். இரவில் நேர்ந்த இழப்பிற்குக் கீரியைக் காரணமாகக் கூறுவது பெரும்பாலும் பொருந்தாது.
* மரநாய்: இரவு விலங்கு. பகலில் தென்னை, பனை மரங்களின் உச்சியிலும் கூரைப் பரணிலும் உறங்கும். பழங்களே முதன்மை உணவாயினும், கூரை இடுக்கு வழியாகக் கூண்டினுள் இறங்குவதுண்டு.
* காட்டுப்பூனை, நரி: கோழியைக் கவ்விக்கொண்டு சென்றுவிடும். இறகுகள் மட்டும் சிதறிக் கிடக்கும். நரிகள் தெற்கே உள்ள கோடியக்கரை வனவிலங்கு உய்விடத்திலும் வாழ்கின்றன.
* தெருநாய்: பல கோழிகளைக் கடித்துக் குதறி, உண்ணாமலே விட்டுச் செல்வதுண்டு. கூண்டின் பலகை பெயர்ந்து கிடப்பது ஓர் அடையாளம்.
* பருந்து, வைரி, காகம்: பகலில் குஞ்சுகளைத் தூக்கிச் செல்லும். தடயம் எதுவும் எஞ்சாது.
* பாம்பு, உடும்பு: சாரைப்பாம்பும் நல்ல பாம்பும் முட்டைகளையும் குஞ்சுகளையும் முழுதாக விழுங்கும். ஓடு சிதறாமல் முட்டை மறைவது பாம்பைக் குறிக்கலாம். உடும்பும் முட்டைகளைத் தேடி உண்ணும்.
* பெருச்சாளி: மண்ணைத் தோண்டி உள்நுழைந்து குஞ்சுகளைக் கொல்லும். கூண்டின் அடியில் புதிய வளை காணப்படும்.

மிகைக்கொலை

சில வேளைகளில் ஒரே இரவில் கூண்டிலுள்ள அனைத்துக் கோழிகளும் கொல்லப்பட்டுக் கிடக்கும். இது மிகைக்கொலை எனப்படும். விலங்கியலாளர் ஆன்சு குரூக் 1972-இல் இந்நடத்தையை ஆராய்ந்து எழுதினார். இரை தப்பி ஓட இயலாத நிலையில், பசி அடங்கிய பின்னரும் ஊனுண்ணியின் கொல்லும் தூண்டல் அடங்குவதில்லை. கோழிகளுக்கு இருளில் பார்வை மிகக் குறைவு. இரவில் அவை அசையாமல் அமர்ந்திருக்கும். ஆகவே, சரியாகத் தாழிடப்படாத கூண்டு திறந்தவெளியைவிட ஆபத்தானதாக மாறக்கூடும்.

கோழிகளின் தற்காப்பு

கோழிகள் வானில் வரும் எதிரிக்கும் தரையில் வரும் எதிரிக்கும் வெவ்வேறு எச்சரிக்கை ஒலிகளை எழுப்புகின்றன. பருந்தைக் கண்டு தாய் எழுப்பும் ஒலியைக் கேட்டவுடன் குஞ்சுகள் ஓடி ஒளிகின்றன. கொல்லையில் செடி, வைக்கோற்போர் போன்ற மறைவிடங்கள் இருந்தால் இத்தற்காப்பு பயனளிக்கும். வெறும் முற்றத்தில் பயனளிக்காது.

பாதுகாப்பு முறைகள்

பஞ்சாரம் என்பது மூங்கிற் பிளாச்சுகளால் முடையப்பட்ட கவிகை வடிவக் கூடை ஆகும். தாயையும் குஞ்சுகளையும் இதனால் கவிழ்த்து மூடி, மேலே கல்லொன்றை வைப்பர். பகலில் பருந்திற்கும் காகத்திற்கும் இது நல்ல தடுப்பாகும். ஆயினும் நாய் இதனைக் கவிழ்த்துவிடும். பாம்பு இடைவெளி வழியே நுழையும். எனவே இரவுக்குத் தனிக் கூண்டு தேவை. கூண்டு அமைப்பில் கவனிக்க வேண்டியவை:

* அறுகோணக் கண்ணியுடைய மெல்லிய கோழிவலை, கோழியை உள்ளே வைத்திருக்கவே உதவும். நாய் அதனைக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணியுடைய பற்றவைத்த கம்பிவலையே ஏற்றது.
* வலையைத் தரைக்குக் கீழே ஏறத்தாழ ஓர் அடி ஆழம் புதைத்து, வெளிப்புறமாக மடித்துவிட வேண்டும். இது தோண்டும் விலங்குகளைத் தடுக்கும்.
* கூண்டைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் கால்கள் மீது அமைத்தால் மழைநீரும் பெருச்சாளியும் அணுகா.
* கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கை அடைக்க வேண்டும்.
* மேய்ச்சல் பகுதியின் மேல் பழைய மீன்வலையை விரித்துக் கட்டலாம். கடலோர ஊர்களில் இது எளிதில் கிடைக்கும்.
* பொழுது சாய்வதற்கு முன் கோழிகளை எண்ணி அடைத்துத் தாழிட வேண்டும். சிந்திய தீவனத்தை அகற்றினால் எலி குறையும்; எலியைத் தேடி வரும் பாம்பும் குறையும்.

கினிக்கோழிகளை உடன் வளர்ப்பதும் உண்டு. அந்நியர் அல்லது விலங்கு வரும்போது இவை உரக்கக் கத்தும்.

சட்டமும் சூழலியலும்

கீரி, நரி, காட்டுப்பூனை, மரநாய், உடும்பு ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. இவற்றைக் கொல்வதும் நஞ்சு வைப்பதும் குற்றமாகும். மேலும், ஒரு கீரியைக் கொன்றால் காலியான அவ்விடத்திற்கு வேறொன்று வந்து சேரும். நஞ்சிட்ட இறைச்சி நாயையும் பருந்தையும் சேர்த்தே கொல்லும். வயல் எலிகளை உண்ணும் விலங்குகள் குறைந்தால் நெல்லுக்கு இழப்பு மிகும்.

இதன் மறுபக்கத்தையும் வரலாறு காட்டுகிறது. கரும்புத் தோட்ட எலிகளை ஒழிக்க 1872-இல் கல்கத்தாவிலிருந்து யமேக்காத் தீவுக்குச் சிறிய கீரிகள் கொண்டுசெல்லப்பட்டன. அங்கு அவை பெருகிக் கோழிகளையும் தரையில் கூடு கட்டும் பறவைகளையும் வேட்டையாடின. ஓர் இடத்தில் எலியை அடக்கும் விலங்கு, புதிய இடத்தில் தீங்காக மாறியது.

மரபில்

முற்காலச் சோழரின் தலைநகரான உறையூர், கோழி எனவும் கோழியூர் எனவும் பெயர் பெற்றிருந்தது. யானை ஒன்றைக் கோழி எதிர்த்து வென்றதால் அப்பெயர் அமைந்தது என்பது மரபுவழிச் செய்தி ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

* கோழி
* கொன்றுண்ணல்
* கீரி
* வேளாங்கண்ணி