எந்த நாட்டுக் கார் இது?

வீதியிலே இன்னோவா வருகிறது. விலகி நிற்கிறோம், வியந்து பார்க்கிறோம். "ஜப்பான்காரன் கெட்டிக்காரன்!" என்கிறோம். தோழர்களே, அதைச் செய்த கைகள் ஜப்பானியர் கைகள்தானா?

முன்பு, புது மாடல் என்றால் பழைய ஆலைக்குப் பூட்டு! 1927 மே 26 அன்று ஃபோர்டு முதலாளியின் ஒன்றரைக் கோடியாவது 'மாடல் டி' கார் வெளிவந்தது. அத்தோடு அதற்கு மூடுவிழா! புதிய 'மாடல் ஏ' மக்கள் பார்வைக்கு வந்ததோ டிசம்பர் 2 அன்று. இடைப்பட்ட ஆறு மாதம்? இயந்திரங்களை மாற்றினார்கள். டெட்ராய்ட் நகரத்துத் தொழிலாளர் பல்லாயிரவர் வேலையின்றி வாடினர். புதுக் காருக்கு முதல் விலை கொடுத்தது, அடுப்பெரியாத அந்த வீடுகள்!

பிறகு முறை மாறிற்று. முதலில் ஜப்பானிலே செய்து பார்ப்பது, பின்னரே வெளிநாட்டு ஆலைக்கு அனுப்புவது என்பது டொயோட்டாவின் வழக்கம். 2004 ஆம் ஆண்டு அதைக் கைவிட்டது. ஒரே அடிச்சட்டம், அதன்மீது ஐந்து வகை வண்டிகள்! இன்னோவாவும் ஃபார்ச்சூனரும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே. டீசல் எஞ்சின் தாய்லாந்திலே. பெட்ரோல் எஞ்சின் இந்தோனேசியாவிலே. கியர் பெட்டி பிலிப்பைன்சிலும், பெங்களூரை அடுத்த பிடதியிலும்! தாய்லாந்து, இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா என நான்கு நாடுகள் தலைமைத் தளங்கள். சந்தையோ 140 நாடுகளுக்கு மேல்!

இத்தனை இடத்திலும் வேலை ஒன்றுபோல் அமைவது எப்படி? 2003 ஆம் ஆண்டு டொயோட்டா நகரிலே பயிற்சி நிலையம் ஒன்று திறந்தார்கள். திருகாணி முடுக்குவதையும் வண்ணம் பூசுவதையும் படமாகக் காட்டிக் கற்பித்தார்கள். பேசும் மொழி வேறு. கையின் மொழி ஒன்று!

ஆனால், இணைத்த சங்கிலிக்கு இன்னொரு குணம் உண்டு. 2011 ஆம் ஆண்டு தாய்லாந்திலே பெருவெள்ளம். டொயோட்டா ஆலைக்குள் தண்ணீர் புகவில்லை. உதிரி பாகம் செய்யும் ஆலைகள் மூழ்கின. பாகம் வரவில்லை, தாய்லாந்திலே கார் உற்பத்தி நின்றது. இந்தோனேசியாவிலே தடுமாற்றம், கடல் கடந்து வட அமெரிக்காவிலும் குறைப்பு!

பார்த்தீர்களா? பெரிய ஆலையின் பெயர்ப் பலகை பளபளக்கிறது. அதை ஓட வைப்பவனோ, பெயர் தெரியாத சிற்றாலையிலே சின்னஞ்சிறு பாகம் செய்பவன். அவன் கை நின்றால் கண்டங்கள் நிற்கின்றன!

அறிமுக விழாவிலே திரை விலகும். புதுக் கார் மின்னும். மேடையிலே நான்கு பேர் கை குலுக்குவார்கள். திரைக்குப் பின்னே நிற்பவர்களோ பல நாட்டார். அவர்களுடைய கூலியும் பாதுகாப்பும், மாடல் மாறும் நாளிலே அவர்கள் வீட்டு அடுப்பும், அந்தக் காரின் விலைக் கணக்கிலே ஏறியாக வேண்டும். அவர்கள் செய்த கார் அல்லவா அது!